ஸ்பிரிங் இல்லாத பூட்டும் வீட்டில் செய்த கருவியும்: டர்பனில் வாங்கிய ஒரு டிஸ்க் பூட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு கேட்டில் மாட்டத்தான் பூட்டு தேடுகிறீர்கள் என்றால் இது வேண்டாம். பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கையாலேயே தெரிந்துகொள்ள வேண்டும், சாவி இல்லாமல் திறந்து பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் என்றால் தயங்காமல் வாங்குங்கள், இந்த விலைக்கு இதைவிட நல்ல வாத்தியார் டர்பனில் என் கண்ணில் படவில்லை.

பூட்டு சீனத் தயாரிப்பு. உறையில் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அதே பூட்டு, அதே வார்ப்பு, வேறு வேறு பெயர்களில் நகரம் முழுக்கத் தொங்குகிறது, அதனால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. டாக்டர் யூசுஃப் டாடூ தெருவில், அதாவது எல்லோரும் இன்னமும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிற தெருவில், ஒரு ஹார்டுவேர் கடையில் 140 ராண்டுக்கு வாங்கினேன். அடையாளம் சொல்கிறேன்: பருத்த உடம்பு, குரோம் பூச்சு, தடித்த வளைகம்பி, சாவி தட்டையாக இல்லாமல் அரைவட்டமாக, ஒரு சின்னக் கம்பியை நீளவாக்கில் பாதியாகப் பிளந்த மாதிரி இருக்கும். சாவியின் ஓரத்தில் பல் இருக்காது, சாய்வாகச் செதுக்கிய வெட்டுகள்தான் இருக்கும். அந்தச் சாவியைப் பார்த்தாலே டிஸ்க் பூட்டு என்று தெரிந்துவிடும். ஒரு விஷயம் கவனியுங்கள், வட்டமாகத் தட்டு மாதிரி இருக்கும் ஸ்டீல் பூட்டையும் கடைக்காரர்கள் டிஸ்க் லாக் என்றுதான் சொல்வார்கள். அது வெளித்தோற்றம் மட்டும், உள்ளே பெரும்பாலும் சாதாரண பின் (pin) பூட்டுதான், அதாவது குச்சியும் ஸ்பிரிங்கும் வைத்த பூட்டுதான் இருக்கும். நமக்கு வேண்டியது உள்ளே தகடு அடுக்கிய பூட்டு. சாவியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வகைப் பூட்டு பின்லாந்துக்காரர்களுடையது. எமில் ஹென்ரிக்சன் என்ற மெக்கானிக் 1907இல் கண்டுபிடித்தார், அதிலிருந்துதான் அப்லாய் கம்பெனி வளர்ந்தது. சாதாரணப் பூட்டில் சின்னச் சின்னக் குச்சிகளும் அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். இதில் ஸ்பிரிங்கே கிடையாது. உள்ளுருளைக்குள் வட்டத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டியிருக்கும். உருளையின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கம்பி படுத்திருக்கும், சைடுபார் என்பார்கள். அந்தக் கம்பி பாதி உருளையிலும் பாதி வெளிக்கூட்டின் பள்ளத்திலும் கிடப்பதால்தான் உருளை சுற்றாமல் நிற்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பும்போது ஒவ்வொரு தகடும் சாவியின் வெட்டுக்குத் தகுந்த கோணத்துக்குத் திரும்பும், எல்லாக் காடிகளும் ஒரே நேர்கோட்டில் வரும், கம்பி அந்தக் கோட்டுக்குள் இறங்கும், உருளை விடுபடும். அவ்வளவுதான் விஷயம். சாவியைத் திரும்பச் சுற்றினால் சாவியே எல்லாத் தகடுகளையும் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலை எதையும் மிச்சம் வைக்காத அமைப்பு இது. எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் எனக்கு இது அழகாகத்தான் தெரிகிறது.

டர்பனில் இருப்பவர்களுக்கு ஸ்பிரிங் இல்லாததன் அருமை சீக்கிரம் புரியும். கடற்காற்று இங்கே எதையும் விட்டுவைக்காது. கடலோரத்தில் பிளஃப் பக்கம் இருக்கிற நண்பர்கள் வீடுகளில் மாட்டிய பின் பூட்டுகள் எல்லாம் உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து, சாவி போனால் வராது, வந்தால் போகாது என்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. சாட்ஸ்வர்த் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கிறது, இருந்தாலும் கோடையின் ஈரம் போதும். தகட்டுப் பூட்டில் துருப்பிடித்து உடைய மெல்லிய ஸ்பிரிங் எதுவும் இல்லை, தகடுகள் பித்தளை, மண் புகுந்தாலும் சாவியின் பலமே தகட்டைத் திருப்பிவிடும். பின்லாந்தில் பனிக்கும் குளிருக்கும் இது பிடித்துப்போனதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இங்கே உப்புக்கும். வாங்கியதும் ஒரு பூட்டை வராந்தாவுக்கு வெளியே மழையிலும் காற்றிலும் தொங்கவிட்டு வைத்தேன். குரோம் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிய ஆரம்பித்துவிட்டது, அது மட்டமான பூச்சு. ஆனால் உள்ளே சாவி முதல் நாள் மாதிரியே திரும்புகிறது. அவ்வப்போது கொஞ்சம் க்யூ20 என்ற ஸ்பிரே எண்ணெய் அடித்தேன், வேறு எதுவும் செய்யவில்லை. கிராஃபைட் பொடி மட்டும் போட வேண்டாம், ஈரத்தோடு சேர்ந்து தகடுகளுக்கு நடுவில் சேறாக அப்பிக்கொள்ளும்.

சரி, திறக்கிற கதைக்கு வருவோம்.

சாதாரணப் பின் பூட்டுக்கு வைப்பர் பிளேடுக்குள் இருக்கும் ஸ்டீல் பட்டையை அராவினால் போதும், கருவி கிடைத்துவிடும். தகட்டுப் பூட்டு அப்படி விடாது. ஒரே துளைக்குள் இரண்டு வேலை நடக்க வேண்டும். ஒன்று, உருளையைத் தள்ளும் தகட்டைப் பிடித்து லேசாக முறுக்கி வைத்திருக்க வேண்டும். இரண்டு, அதை விடாமலேயே மற்றத் தகடுகளைத் தனித்தனியாகத் தொட்டுத் திருப்ப வேண்டும். அதனால் கருவி ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும்: வெளியே ஒரு குழாய், அதற்குள் தாராளமாகச் சுற்றக்கூடிய ஒரு கம்பி. இந்தப் பூட்டில் முறுக்கு வாங்கும் தகடு முன்பக்கம், சாவித்துவாரத்தை ஒட்டியே இருக்கிறது, அதனால் குழாயின் நுனி அந்த முதல் தகட்டைப் பிடித்தால் போதும், உள்கம்பி அதைத் தாண்டி ஆழத்துக்குப் போய் மற்றவற்றைத் திருப்பும். முறுக்கை வாங்கும் தகடு பின்பக்கம் இருக்கும் பூட்டுகளில் இந்த வேலை தலைகீழ், உள்கம்பி கடைசித் தகட்டைப் பிடிக்க வேண்டும், குழாய் மற்றவற்றைத் திருப்ப வேண்டும். வாங்குகிற பூட்டு எந்த வகை என்று தெரியாமல் கருவி செய்ய உட்கார வேண்டாம். சாவியைப் பாருங்கள், வெட்டே இல்லாமல் முழு அரைவட்டமாக விட்டிருக்கும் இடம் முன்னால் இருக்கிறதா, நுனியில் இருக்கிறதா, அது சொல்லிவிடும்.

இந்தக் கருவி விலைக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், கருவியின் விலை, தபால், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் இந்தப் பூட்டில் ஒரு டஜன் வாங்கிவிடலாம். ஆனால் காசுக்காக மட்டும் நான் வீட்டில் செய்யச் சொல்லவில்லை. செய்தால்தான் பூட்டு புரிகிறது. துவாரத்தின் அகலம் எவ்வளவு, தகட்டின் கனம் எவ்வளவு, இரண்டு தகட்டுக்கு நடுவில் எத்தனை இடைவெளி, நுனி எவ்வளவு நீண்டால் தகட்டின் தட்டை விளிம்பைத் தொடும், எவ்வளவு நீண்டால் பக்கத்துத் தகட்டில் இடிக்கும், இதையெல்லாம் காலிப்பர் வைத்து அளந்து அராவி முடிக்கும்போது பாதிப் பூட்டைத் திறந்தாகிவிட்டது. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஏ. சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பிராமா கம்பெனியின் சவால் பூட்டைத் திறந்து 200 கினி பரிசு வாங்கினார், 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்தார், அதுவும் அந்த ஒரு பூட்டுக்கென்றே தனியாகச் செய்துகொண்ட கருவிகளோடு. இந்தப் பொழுதுபோக்கின் வேரே அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: பூட்டைச் செய்தவர் ஒரு கேள்வி கேட்கிறார், நீங்கள் கருவி செய்து பதில் சொல்கிறீர்கள்.

எனக்குக் கருவி செய்யக் கைகொடுத்தவர் பக்கத்து வீட்டு அங்கிள். மோபெனி பக்கம் ஒரு பட்டறையில் பல வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்துத் தமிழ் கொஞ்சம் அவரிடம் மிச்சம் இருக்கிறது, எண்ணும் கருவிப் பெயரும் ஆங்கிலம், திட்டும் பாராட்டும் தமிழ். குழாய்க்கு மாடல் விமானம் செய்பவர்கள் வாங்கும் பித்தளைக் குழாய் எடுத்தேன், அந்த ஹாபிக் கடைகளில் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக நுழையும் அளவுகளில் வரிசையாகக் கிடைக்கும். உள்கம்பிக்கு என்ன போடலாம் என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. "பியானோ வயர் போடு தம்பி. கம்பி வளைஞ்சாப் பரவாயில்ல, முறுக்கிக்கக் கூடாது. முறுக்கிக்கிட்டா உன் விரலுக்கு வர வேண்டிய சேதியைக் கம்பியே தின்னுடும்." இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பித்தளைக் கம்பியும் பழைய குடைக்கம்பியும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது: தகடு அசைந்ததா, கம்பிதான் முறுக்கிக்கொண்டதா என்று பிரிக்க முடியாது. சைக்கிள் ஆரக்கால் பரவாயில்லை, 2 மில்லிமீட்டர், சுலபமாகக் கிடைக்கும், பழகுவதற்குப் போதும்.

நுனி செய்யும் இடம்தான் முக்கியம். கம்பியின் முனையில் ஒரு சின்னக் கொடி மாதிரி தகட்டை வைத்துப் பற்றவைக்கலாம் என்றுதான் பலரும் செய்கிறார்கள். வெள்ளிப் பற்று வைத்தால் 600 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும், அந்தச் சூட்டில் பியானோ வயரின் விறைப்பு போய் மெத்தென்று ஆகிவிடும். ஈயப் பற்று வைத்தால் விறைப்பு போகாது, ஆனால் பற்று பெயர்ந்து கொடி பூட்டுக்குள் விழும். இரண்டும் வேண்டாம். முனையையே மெதுவாக 90 டிகிரி மடக்கி, மடக்கிய காலை அராவி அளவுக்குக் கொண்டு வருவதுதான் சரி. கூர்மையாக மடக்கினால் விரிசல் விடும், குறட்டின் வாயில் ஒரு சின்ன உருண்டைக் கம்பியை வைத்து அதைச் சுற்றி மடக்க வேண்டும். கிரைண்டரில் தீட்டுகிறவர்கள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுங்கள், ஸ்டீல் நீல நிறத்துக்குப் போனால் அந்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம், வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நான் கடைசி அளவுக்கு ஊசி அரத்தைத்தான் நம்புகிறேன்.

கைப்பிடிகள் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயின் வெளிமுனையில் ஒரு நீளக் கை வைத்தேன், சுண்டுவிரலின் கனமே முறுக்குக்குப் போதும்படி. உள்கம்பியின் வெளிமுனையில் ஒரு குமிழ், குமிழில் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்ட ஒரு கோடு. கம்பியின் மேல் ஒவ்வொரு தகட்டின் ஆழத்துக்கும் அரத்தால் ஒரு கீறல் போட்டு அதில் கறுப்பு மை தேய்த்து வைத்தேன். இந்தக் கீறல்கள் இல்லாவிட்டால் மூன்றாவது தகட்டில் இருக்கிறோமா நான்காவதா என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் துழாவ வேண்டியதுதான். விலைக்கு வாங்கும் சில கருவிகளில்கூட இது சரியாக அமைவதில்லை, ஏனென்றால் அவை எல்லாப் பூட்டுக்கும் பொதுவாகச் செய்தவை. உங்கள் கருவி உங்கள் பூட்டுக்கு அளவெடுத்தது.

இனித் திறப்பது. முதல் தகட்டை லேசாகத் திருப்பிப் பிடித்தால் உருளை சுற்றப் பார்க்கும், சைடுபார் கூட்டின் பள்ளத்துக்கும் தகடுகளின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். எல்லாத் தகடும் ஒரே மாதிரி நசுங்காது, இயந்திரத்தில் வெட்டிய எதிலும் நூலிழை வித்தியாசம் இருக்கும், அதனால் ஏதோ ஒரு தகடுதான் முதலில் இறுகும். உள்கம்பியால் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் மற்றவை வழவழவென்று திரும்பும், ஒன்று மட்டும் உரசிக்கொண்டு வரும். அதைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். காடி சைடுபாருக்கு நேராக வந்ததும் ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அப்புறம் இறுக்கம் வேறொரு தகட்டுக்கு மாறிவிடும். அதைத் தேடு, திருப்பு, அடுத்தது. ஸ்பிரிங் இல்லாததால் விட்ட தகடு விட்ட இடத்திலேயே நிற்கும், பின் பூட்டு மாதிரி கையை எடுத்ததும் எல்லாம் கொட்டிவிடாது. தேநீர் குடித்துவிட்டு வந்துகூடத் தொடரலாம், முறுக்கை மட்டும் விடாமல் எடை கட்டித் தொங்கவிட்டால். ஆரம்பிப்பவர்களுக்கு இந்த வகையை நான் சிபாரிசு செய்வதற்குப் பெரிய காரணமே இதுதான். டிஸ்க் பூட்டு என்றால் கடைசியாகப் படிக்க வேண்டிய பாடம் என்று பலர் பயமுறுத்துவார்கள், கருவி கையில் இல்லாததால் வந்த பயம் அது.

இந்தப் பூட்டுக்காரர்கள் தாராளமாகச் செய்திருக்கும் ஒரே விஷயம் பொய்க் காடிகள். தகட்டின் விளிம்பில் உண்மையான காடியைத் தவிர ஆழமில்லாத சில வெட்டுகளும் இருக்கின்றன. சைடுபார் அதில் கொஞ்சம் இறங்கும், இறங்கியதும் கை சந்தோஷப்படும், ஆனால் பூட்டு திறக்காது. உண்மையான காடியில் சைடுபார் ஆழமாக இறங்கிவிடுவதால் தகட்டின் மேல் அழுத்தம் இருக்காது, இரண்டு பக்கமும் மயிரிழை அளவு தளர்வாக ஆடும். பொய்க் காடியில் சைடுபார் அதன் அடியில் முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் தகடு இன்னும் இறுகித்தான் இருக்கும். எல்லாம் முடிந்த மாதிரித் தெரிந்தும் திறக்கவில்லை என்றால் மறுபடி ஒவ்வொரு தகடாகப் போய் எது ஆடுகிறது, எது விறைத்து நிற்கிறது என்று பாருங்கள். விறைத்து நிற்பதுதான் பொய் சொல்கிற தகடு. முறுக்கை ஒரு துளி தளர்த்தி அதை மட்டும் வெளியே எடுத்து மேலே திருப்ப வேண்டும், தளர்த்தியது கொஞ்சம் அதிகமானால் மற்றவை பிடி விட்டுவிடும். இந்த ஒரு துளியை விரலுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு 140 ராண்ட் என்பது எனக்குக் கொள்ளை மலிவு.

பூட்டின் குறைகளுக்கு வருகிறேன், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நான் ஒன்றை முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். உள்ளே முறுக்கு வாங்கும் தகட்டை விட்டுவிட்டால் 6 தகடுகள்தான். ஒவ்வொன்றுக்கும் 4 கோணங்கள்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆக மொத்தம் 4,096 விதமான சாவிதான் செய்ய முடியும். அப்லாய் கிளாசிக்கில் 11 தகடுகள், 6 வெட்டுகள், கணக்குப்படி 36 கோடிக்கும் மேல். உருளை கூட்டுக்குள் ஆடுகிறது, அந்த ஆட்டம்தான் பழகுகிறவருக்கு உதவி, காவலுக்கு உபத்திரவம். உடம்பு துத்தநாகக் கலவை வார்ப்பு, குரோமுக்குக் கீழே இரும்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வளைகம்பியில் கடினப்படுத்திய எஃகு என்று அச்சடித்திருக்கிறது, அரம் போட்டுப் பார்த்தால் அரம் கடிக்கிறது. உண்மையிலேயே கடினமான எஃகில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். போல்ட் கட்டர் வைத்திருப்பவன் எந்தத் தகட்டையும் திருப்ப மாட்டான், வளைகம்பியைத்தான் வெட்டுவான். அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் இல்லை.

இன்னொன்று, சாவி. இரண்டுதான் கொடுக்கிறார்கள். மாலில் செருப்புத் தைத்துச் சாவியும் வெட்டித் தரும் ஹீல் பார் கடைகளில் இந்தச் சாவியை நகல் எடுக்கச் சொல்லிக் கேட்டேன், சாதாரணச் சாவி வெட்டும் இயந்திரத்தில் கோண வெட்டு வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அவர்கள் சொன்னது சரிதான். காவலுக்கு இது நல்ல குணம், இரண்டையும் தொலைப்பவருக்கு இல்லை.

கேட்டில் மாட்ட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லோட் ஷெடிங் என்று முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திய காலத்தில் கேட் மோட்டார் பேட்டரி செத்துப்போய், பலரும் கேட்டுக்குச் சங்கிலியும் பூட்டும் போட்டார்கள். அப்போது பருமனாகவும் பளபளப்பாகவும் இருக்கிற பூட்டைத்தான் கை தேடும், கடைக்காரரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். பூட்டின் வலிமை அதன் பருமனில் இல்லை, உள்ளே தகடு எவ்வளவு துல்லியமாக வெட்டியிருக்கிறது என்பதிலும் வளைகம்பி எந்த எஃகு என்பதிலும்தான் இருக்கிறது. நம்மூர் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் லீவர்களைக் கையால் அராவிப் பொருத்துகிறார்கள், பூட்டுக்குப் பூட்டு கை வித்தியாசம் இருக்கும், 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதன் அமைப்பு தகட்டுப் பூட்டை விடப் பழையது, ஆனால் செய்த கை அக்கறை உள்ள கை. இந்தச் சீனப் பூட்டின் அமைப்பு அருமையானது, செய்த விதத்தில் அக்கறை இல்லை. அமைப்பு மட்டும் ஒரு பூட்டைக் காப்பாற்றாது. கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டுகளின் கதையும் இதே பாடம்தான். 2004இல் அவர்களுடைய குழல் வடிவச் சாவிப் பூட்டுகளைப் பால் பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் உடம்பால் திறக்கலாம் என்று வெளியானது, கம்பெனி பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு தகட்டுப் பூட்டுக்கு மாறியது. நல்ல கனமான எஃகுதான், உள்ளே இருந்த அமைப்புதான் காலை வாரியது. எனக்குத் தெரிந்தவரை இரண்டும் சேர்ந்து அமைகிற பூட்டு 140 ராண்டுக்குக் கிடைக்காது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். 1993ஆம் ஆண்டின் 129ஆம் எண் சட்டத்தில் 82ஆம் பிரிவு இருக்கிறது. வீடு உடைக்கவோ வண்டி உடைக்கவோ வைத்திருக்கிறார் என்று நியாயமாகச் சந்தேகப்படும்படியான கருவி உங்களிடம் இருந்து, அதற்குத் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாவிட்டால் அது குற்றம். பிக் செட்டை, அதாவது பூட்டுத் திறக்கும் கருவிகளை, பக்கி என்கிற பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில் போட்டுக்கொண்டு இரவில் சுற்ற வேண்டாம், அது மேசை மேல் இருக்க வேண்டிய பொருள். அதேபோல், அக்கம்பக்கத்தில் யாராவது "நீதான் பூட்டெல்லாம் திறப்பியாமே, என் கதவைக் கொஞ்சம் திறந்து குடு" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். காசு வாங்கிப் பூட்டுத் திறப்பது இங்கே பாதுகாப்புத் தொழிலில் சேரும், 2001ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டப்படி பூட்டுக்காரர்களும் பதிவு செய்திருக்க வேண்டும். பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கு உலகம் முழுக்க இரண்டே விதிகள்தான். உன்னுடையது இல்லாத பூட்டைத் தொடாதே. உன்னுடையதாகவே இருந்தாலும், கதவிலோ கேட்டிலோ உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதே. ஜெர்மனியில் 1997இல் சங்கம் வைத்து இதை ஒரு விளையாட்டாக நடத்த ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் அந்த விதிகளை மீறுகிறவருக்கு எந்தக் கூட்டத்திலும் இடம் கிடைக்காது. இரண்டாவது விதிக்கு நடைமுறைக் காரணமும் உண்டு: வீட்டில் செய்த நுனி எப்போது வேண்டுமானாலும் உள்ளே ஒடியும். மேசையில் ஒடிந்தால் பூட்டைப் பிரித்து எடுத்துவிடலாம், வாசலில் ஒடிந்தால் வீட்டுக்குள் போக முடியாது.

வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை. திருட்டுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பி போட்டு வாழ்கிற ஊரில் பூட்டைத் திறந்து பழகுவது என்ன பொழுதுபோக்கு என்று என் மாமியார் நேராகவே கேட்டார். பிரித்துப் போட்ட பூட்டையும் தகடுகளையும் அவர் முன்னால் வைத்து, சாவியால் திருப்பிக் காட்டி, எந்தப் பூட்டு எத்தனை தாங்கும் என்று விளக்கினேன். அடுத்த நாள் பின்கதவுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து "இது எப்படி, பாருங்க மாப்பிள்ளை" என்று மேசையில் வைத்துவிட்டார். பார்த்தேன், மாற்றிவிட்டோம். காவலுக்கு என்ன வாங்க வேண்டும் என்று முடிவெடுக்க இந்தப் பழக்கம் மாதிரி உதவுவது வேறு எதுவும் இல்லை, கடைப் பெட்டியில் போட்டிருக்கும் நட்சத்திரக் குறிகளை அதற்குப் பிறகு நான் பார்ப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், ஒன்றைப் பிரிக்க, ஒன்றைத் திறக்க. பிரித்த பூட்டின் தகடுகளை வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள், திறந்து பழகும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரல் சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகும். கடையில் பெட்டியிலிருந்து எடுக்கும்போது சாவியில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், ஒரே பெட்டியில் ஒரே எண் கொண்ட பூட்டுகள் இருந்தன, வெவ்வேறு எண்ணாக எடுத்தால்தான் இரண்டு விதமான பாடம். ஒரே எண் கிடக்கிறது என்பதே கேட்டில் மாட்டக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அதே பெட்டியில் அடுத்த பூட்டை வாங்கியவர் கையில் உங்கள் சாவி இருக்கும். திறந்தபின் தகடுகளைத் திரும்ப ஒழுங்குபடுத்தச் சாவி இருந்தால்தான் சுலபம், அதனால் சாவி இல்லாத பழைய பூட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

பழக்கத்துக்கு ஐந்துக்கு நாலரை, கேட்டுக்கு ஐந்துக்கு ஒன்று. அரை மதிப்பெண் அந்தக் குரோம் பூச்சுக்காகக் குறைத்தேன், உரியும் துணுக்குகள் துவாரத்துக்குள் போய் நுனியில் சிக்குகின்றன, ஆரம்பிக்கும் முன் ஒரு பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு உட்காருங்கள். இதைத் திறந்து முடித்தவர்கள் அடுத்து அபஸ் கம்பெனியின் பிளஸ் உருளை போட்ட பூட்டுக்குப் போகலாம், அதற்குத் துவாரம் சின்னது, குழாயை ஒரு அளவு இறக்கிச் செய்ய வேண்டியிருக்கும். எனக்கு வேண்டியது ஒரு பழைய அப்லாய் கிளாசிக், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் பழைய சாமான் டப்பாவில் சாவியோடு கிடந்தால் சொல்லுங்கள், நல்ல விலை தருகிறேன், பதிலுக்கு உங்கள் சீனப் பூட்டுக்கு ஒரு கருவியும் செய்து தருகிறேன்.